ஹோஸ்டைப் புதுப்பித்தோம், சாவி பழையதுதான்: மெய்நிகர் கணினிகளில் செக்யூர் பூட், ஒரு நிகழ்வு ஆய்வு

2023 பிப்ரவரி 14 அன்று விண்டோஸ் சர்வர் 2022க்கான மாதாந்திரப் பாதுகாப்புப் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. அதன் எண் கேபி5022842. நிறுவி முடித்த சர்வர்களில் ஒரு பகுதி அதன்பின் எழவே இல்லை. நீலத்திரை வரவில்லை, பழுதுபார்க்கும் திரையும் வரவில்லை. பூட் செய்ய இயங்குதளமே கிடைக்கவில்லை என்று, கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேர் கைவிரித்துவிட்டது. வட்டில் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன.

பாதிக்கப்பட்டவை எல்லாம் மெய்நிகர் கணினிகள், அதாவது ஹோஸ்ட் எனப்படும் உண்மையான சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் கணினிகள். மெய்நிகர் கணினிகளை ஓட்டும் விஎம்வேர் இஎஸ்எக்ஸ்ஐ மென்பொருளின் 7.0 அல்லது அதற்கு முந்தைய ஹோஸ்டுகளில் ஓடியவை, நம்பகமான கையொப்பம் உள்ளதை மட்டும் பூட் செய்யவிடும் செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தவை. 8.0 ஹோஸ்டில் ஓடியவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் ஹோஸ்ட் எழுதி வைக்கும் பதிவுக் கோப்பைத் திறந்து பார்த்தவர்களுக்குக் காரணத்தின் நுனி தெரிந்தது: அனுமதிப் பட்டியலில் பொருந்திய கையொப்பம் 0, தடைப் பட்டியலில் பொருந்தியது 0, அடையாளம் காண முடியாதது 1. அதற்கு அடுத்து 'இமேஜ் டினைட்', அதாவது இயங்குதளத்தை ஏற்றும் நிரலான இந்த பூட் லோடருக்கு அனுமதி இல்லை.

புதுப்பிப்பை நீக்கினாலும் சர்வர் எழவில்லை. அவசரத்துக்கு இருந்த எளிய வழி செக்யூர் பூட்டை அணைப்பது. பிப்ரவரி 21 அன்று விஎம்வேர் 7.0 அப்டேட் 3கே என்ற திருத்தத்தை வெளியிட்டது. மைக்ரோசாஃப்டின் புதுப்பிப்பு கொண்டுவந்த பூட் லோடரில் கையொப்பம் புதிய வடிவில் இருந்தது, அதை மெய்நிகர் ஃபர்ம்வேர் தவறாக நிராகரித்தது என்பது விளக்கம். ஹோஸ்டைப் புதுப்பித்ததும் அதன் மேல் இருந்த மெய்நிகர் கணினிகள் எழுந்தன. எதையும் தனித்தனியாகத் தொட வேண்டியிருக்கவில்லை.

ஒரு வாரத்தில் முடிந்துபோன அந்தச் சம்பவத்தை இப்போது எடுத்துப் பேசக் காரணம் இருக்கிறது. நிர்வாகிகள் மனதில் அது ஒரு தவறான பாடத்தை ஊன்றிவிட்டது என்பது என் கணிப்பு: மெய்நிகர் கணினியின் ஃபர்ம்வேரில் சிக்கல் வந்தால் ஹோஸ்டைப் புதுப்பித்தால் போதும் என்ற பாடம். அதே ஃபர்ம்வேரில் அடுத்து வந்த சிக்கலுக்கு அந்த மருந்து வேலை செய்யாது. பூட் லோடரின் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் மைக்ரோசாஃப்டின் 2011ஆம் ஆண்டுச் சான்றிதழ்கள் காலாவதியாகி 2023ஆம் ஆண்டுச் சான்றிதழ்களுக்கு மாற வேண்டிய சிக்கல் அது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மெய்நிகர் கணினியில் சாவிகள் எங்கே வாழ்கின்றன என்பது புரியும்.

இரண்டு பாதிகள்

மெய்நிகர் ஃபர்ம்வேர் ஒரே பொருள்போலத் தோன்றினாலும் உள்ளே இரண்டு பாதிகள். ஒன்று நிரல்: வன்பொருளை எழுப்பி, கையொப்பத்தைச் சரிபார்த்து, பூட் லோடரிடம் கட்டுப்பாட்டை ஒப்படைப்பது. இது ஹோஸ்டோடு வருகிறது. நூறு மெய்நிகர் கணினிகள் இருந்தாலும் நிரல் ஒன்றுதான். மற்றது மாறிகளின் சேமிப்பு, என்விராம். பூட் வரிசையும் செக்யூர் பூட் சாவிகளும் இதில் இருக்கின்றன. ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் தனித்தனிக் கோப்பு. கணினி முதன்முதலில் உருவாகும்போது அன்றைக்கு ஹோஸ்டில் இருந்த வார்ப்பிலிருந்து நகல் எடுக்கப்படும், அதன் பிறகு ஹோஸ்ட் அதில் கைவைக்காது.

லினக்ஸில் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் கேவிஎம் பக்கம் போனால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். டயனோகோர் திட்டத்தின் இடிகே2 மூலநிரலிலிருந்து கட்டப்படும் ஓவிஎம்எஃப் ஃபர்ம்வேர் 'கோட்', 'வார்ஸ்' என்று இரண்டு கோப்புகளாகவே வருகிறது. கோட் கோப்பு எல்லாருக்கும் பொது, படிக்க மட்டும். வார்ஸ் கோப்பு வார்ப்பு மட்டுமே. முதல் தொடக்கத்தில், மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் லிப்வர்ட் அதை நகலெடுத்துத் தன் என்விராம் அடைவில் அந்தக் கணினியின் பெயரிலேயே வைக்கிறது. 4 எம்பி கட்டமைப்பில் அந்த நகலின் அளவு 528 கேபி. ஒரு சர்வர் எதை நம்பும், எதை நம்பாது என்ற முழுத் தீர்ப்பும் அந்தச் சிறு கோப்புக்குள் அடங்கிவிடுகிறது.

2023 பிப்ரவரியில் பழுது நிரல் பாதியில் இருந்தது, அதனால் ஒரு திருத்தம் எல்லாரையும் குணமாக்கியது. சான்றிதழ் மாற்றமோ மாறிகள் பாதியைச் சேர்ந்தது. ஹோஸ்டின் வார்ப்பு புதிதானாலும் 2019இல் பிறந்த கணினி 2019இன் சாவிகளையே கையில் வைத்திருக்கும்.

பட்டாவும் பவரும்

சாவிகளின் அடுக்கை நிலப் பத்திரத்தை வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும். உச்சியில் பிளாட்ஃபார்ம் கீ, சுருக்கமாக பிகே. பட்டாவில் இருக்கும் உரிமையாளர் பெயர் போல, இது ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதற்குக் கீழே கேஇகே, உரிமையாளரிடம் பவர் வாங்கியவர். ஒன்றுக்கு மேற்பட்டவர் இருக்கலாம். அதற்கும் கீழே டிபி, டிபிஎக்ஸ் என்று இரண்டு பட்டியல்கள். டிபியில் உள்ள சான்றிதழால் கையொப்பமிட்ட பூட் லோடர் உள்ளே வரலாம், டிபிஎக்ஸில் உள்ளது வரக்கூடாது. டிபியையும் டிபிஎக்ஸையும் மாற்ற கேஇகேயின் கையொப்பம் வேண்டும். கேஇகேயை மாற்ற பிகேயின் கையொப்பம் வேண்டும். பிகே இல்லாத கணினி 'செட்டப் மோட்' என்ற நிலையில் இருக்கும். அப்போது யாரும் கையொப்பம் இல்லாமலேயே சாவிகளை எழுதலாம், பிகே எழுதப்பட்டதும் கதவு மூடிக்கொள்ளும்.

மைக்ரோசாஃப்டின் 2011 சான்றிதழ்களில் கேஇகேயும், லினக்ஸ் ஷிம் போன்ற பிறர் பூட் லோடர்களுக்குக் கையொப்பமிடும் யுஇஎஃப்ஐ (இன்றைய ஃபர்ம்வேர்களின் தரநிலை) சான்றிதழும் 2026 ஜூனில் காலாவதியாகின்றன. விண்டோஸ் பூட் லோடருக்கானது அதே ஆண்டு அக்டோபரில். காலாவதி என்றதும் அன்று இரவே எல்லா சர்வர்களும் நின்றுவிடும் என்று பயப்பட வேண்டாம். பூட் நேரத்தில் ஃபர்ம்வேர் பொதுவாகக் காலாவதித் தேதியைப் பார்ப்பதில்லை, ஏற்கெனவே கையொப்பமிட்டது தொடர்ந்து ஓடும். பழைய சான்றிதழை வைத்துப் புதிதாக எதற்கும் கையொப்பமிட முடியாது என்பதுதான் விஷயம். புதிய பூட் லோடரும் வராது, புதிய தடைப் பட்டியலும் வராது.

தடைப் பட்டியலின் அருமையை 2020 ஜூலையில் வெளிவந்த பூட்ஹோல் காட்டியது. கிரப் பூட் லோடரில் இருந்த அந்த ஓட்டையை அடைக்க 3 சான்றிதழ்களும், கோப்புகளின் கைரேகை போன்ற 150 ஹேஷ்களும் டிபிஎக்ஸில் சேர்க்கப்பட்டன. வழக்கமாகக் கிடைக்கும் 32 கேபி இடத்தில் 10 கேபி அந்த ஒரே நிகழ்வில் போயிற்று. இடம் இப்படிக் கரைவதைப் பார்த்துத்தான் ஷிம் திட்டம் தலைமுறை எண்ணை வைத்துத் தடுக்கும் எஸ்பிஏடி முறைக்குப் போனது. 2023இல் பிளாக்லோட்டஸ் என்ற பூட்கிட், அதாவது பூட் நேரத்திலேயே நுழையும் தீநிரல், செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்த விண்டோஸ் கணினிகளிலேயே, கையொப்பம் சரியாக இருந்த பழைய ஓட்டை பூட் லோடரைக் கொண்டு நுழைந்தது. கையொப்பத்தைச் சரிபார்ப்பது பாதி வேலைதான். கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாத கணினியில் செக்யூர் பூட் இருந்தும் இல்லாத கதைதான்.

பெயர் எழுதாத பட்டா

இனி இரண்டாம் சிக்கல். விண்டோஸ் தனக்குள்ளேயே இந்த மாற்றத்தைச் செய்துகொள்ளும் ஒரு திட்டப் பணியை வைத்திருக்கிறது. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் செக்யூர் பூட் பகுதியில் 'அவைலபிள் அப்டேட்ஸ்' என்ற இடத்தில் 5944 என்ற பதினறும எண்ணை எழுதினால் வேலை தொடங்கும். ஒவ்வொரு படி முடியும்போதும் அந்தப் படிக்கான பிட் அணைந்துகொண்டே வரும். எல்லாம் முடிந்தால் 4000 என்று நிற்கும், நிகழ்வுப் பதிவில் 1808 வரும்.

இஎஸ்எக்ஸ்ஐயின் பழைய மெய்நிகர் கணினிகளில் அது 4104இல் நின்றுவிடுகிறது. எண்ணைப் பிரித்துப் பாருங்கள்: டிபி தொடர்பான பிட்டுகள் அணைந்துவிட்டன, கேஇகேக்கான 4 மிச்சம், பூட் மேனேஜரை மாற்றுவதற்கான 100 மிச்சம். டிபியில் புதிய சான்றிதழ்கள் ஏறியதில் வியப்பில்லை, பழைய மைக்ரோசாஃப்ட் கேஇகே கையொப்பமிட்டால் அதற்குப் போதும். கேஇகேயை மாற்றப் போனபோதுதான் பட்டாவைக் கேட்டார்கள். நிகழ்வுப் பதிவில் 1803 வந்தால் அதன் பொருள், இந்தக் கருவியின் பிகேயால் கையொப்பமிட்ட கேஇகே கிடைக்கவில்லை, தயாரிப்பாளரைக் கேளுங்கள் என்பது.

சாதாரண மடிக்கணினியில் தயாரிப்பு நிறுவனம் தன் பிகேயால் புதிய கேஇகேக்குக் கையொப்பமிட்டு மைக்ரோசாஃப்டிடம் தந்துவிடும். மெய்நிகர் கணினிக்குத் தயாரிப்பாளர் யார்? 9.0க்கு முந்தைய இஎஸ்எக்ஸ்ஐயில் பிறந்த கணினிகளில் பிகே என்ற மாறி இருக்கிறது, அதற்குள் பயன்படும் சாவி இல்லை. பட்டா இருக்கிறது, உரிமையாளர் பெயர் எழுத வேண்டிய இடம் வெற்று. மாறி இருப்பதால் கணினி செட்டப் மோடிலும் இல்லை, ஆகவே கையொப்பம் இல்லாமல் எழுத முடியாது. உள்ளே சாவி இல்லாததால் செல்லுபடியாகும் கையொப்பத்தை உலகில் எவராலும் இட முடியாது. வெளியிலிருந்து பார்த்தால் கதவு பூட்டியிருக்கிறது, ஆனால் அந்தப் பூட்டுக்கு யாரிடமும் சாவி கிடையாது.

இத்தனை ஆண்டுகள் இது ஏன் தெரியவில்லை? கேஇகேயை மாற்ற வேண்டிய தேவையே அதுவரை வரவில்லை, அவ்வளவுதான். டிபிஎக்ஸ் புதுப்பிப்புகள் கேஇகேயோடு முடிந்துவிடும், பிகேயை எவரும் அழைக்க மாட்டார்கள். அழைத்துப் பார்க்காத சாவி வேலை செய்கிறதா என்பது அழைக்கும் நாள்வரை தெரியாது. என்னை மிகவும் உறுத்துவது இந்தப் பழுதின் அமைதி. 2023இல் சர்வர் எழவில்லை, உடனே எல்லாரும் ஓடினார்கள். இங்கே சர்வர் தினமும் நன்றாக எழுகிறது. புதிய கேஇகேயால் கையொப்பமிட்டு வரும் தடைப் பட்டியல் மட்டும் அதற்குள் ஒருநாளும் ஏறாது.

சரிசெய்யும் வழிகள்

இஎஸ்எக்ஸ்ஐ 8.0 அப்டேட் 2 முதல் புதிதாக உருவாகும் என்விராமில் 2023 சான்றிதழ்கள் சேர்ந்தே வருகின்றன. அதனால் பலர் கையாண்ட வழி இது: கணினியை முழுவதுமாக அணைத்து, அதன் என்விராம் கோப்பின் பெயரை மாற்றி ஒதுக்கிவைத்துவிட்டு மீண்டும் இயக்குவது. கோப்பைக் காணாத ஹோஸ்ட் புதிய வார்ப்பிலிருந்து இன்னொன்றை உருவாக்கும். கேஇகே, டிபி இரண்டும் புதிதாகிவிடும். பழைய கோப்பை அழித்துவிடாதீர்கள், திரும்பிப் போக அது ஒன்றுதான் வழி. ஹோஸ்ட் 9.0க்குக் கீழே இருந்தால் பட்டாவின் பெயர் இடம் இதற்குப் பிறகும் வெற்றாகவே இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். அடுத்த கேஇகே மாற்றத்தில் இதே கதை திரும்ப வரும். முழுத் தீர்வு என்றால் ஃபர்ம்வேர் திரைக்குள் போய்ச் சரியான பிகே சான்றிதழைக் கையால் ஏற்றி, பிறகு விண்டோஸின் பணியைத் தொடரவிடுவதுதான். கணினி ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டிய வேலை; பொறுமை வேண்டும்.

எந்த வழியில் போனாலும் முதலில் பார்க்க வேண்டியது மெய்நிகர் டிபிஎம், அதாவது இரகசியச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்புச் சில்லின் மெய்நிகர் வடிவம். பிகே, கேஇகே, டிபி, டிபிஎக்ஸ் நான்கின் உள்ளடக்கமும் டிபிஎம்மின் பிசிஆர் 7 என்ற பதிவேட்டில் அளக்கப்படுகின்றன. விண்டோஸில் வட்டைக் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கர் தன் சாவியை அந்த அளவோடு கட்டி வைத்திருந்தால், சாவிகள் மாறிய மறுகணம் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நின்றுவிடும். லினக்ஸில் சிஸ்டம்டி அல்லது கிளெவிஸ் வழியாக பிசிஆர் 7இல் கட்டிய லக்ஸ் என்ற குறியாக்க வட்டுக்கும் இதே கதிதான். மாற்றத்துக்கு முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். அதற்கும் முன்பு மீட்பு எண் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். எழுதி வைத்திருக்கிறோம் என்ற நினைப்பை நம்பக் கூடாது, எண்ணை எடுத்துக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

என்விராம் புதிதானால் பூட் வரிசையும் போய்விடும் என்பது சிறிய விஷயம், ஆனால் நள்ளிரவில் பெரிதாகத் தெரியும். விண்டோஸ் பெரும்பாலும் பொதுவான மாற்றுப் பாதையில் இருக்கும் பூட் கோப்பைப் பிடித்து எழுந்துவிடும். சில லினக்ஸ் நிறுவல்களில் அந்த இடத்தில் கோப்பே இருக்காது. ஃபர்ம்வேர் திரையில் போய் வழியைக் கையால் காட்ட வேண்டும்.

கேவிஎம்மில்: சாவியை விடக் கோப்பு வலியது

ஓவிஎம்எஃப் உலகில் வேலை இதைவிட எளிது, ஆனால் அந்த எளிமையே யோசிக்க வைக்கிறது. ரெட்ஹாட் வழியில் வரும் வார்ப்பில் பிகேயாக ரெட்ஹாட்டின் சான்றிதழ் இருக்கிறது. கையொப்பமிடத் தேவையான அதன் அந்தரங்கப் பாதி நம்மிடம் இல்லை. ஆனாலும் நாம் மாட்டிக்கொள்வதில்லை. விர்ட்-ஃபர்ம்வேர் என்ற பைத்தான் தொகுப்பில் உள்ள கருவியால், அணைத்து வைத்த கணினியின் வார்ஸ் கோப்பை வெளியிலிருந்தே திறந்து, உள்ளே எந்தெந்தச் சான்றிதழ்கள் இருக்கின்றன என்று பார்க்கலாம். நம் சொந்தச் சான்றிதழைப் பிகேயாகப் போடலாம், மைக்ரோசாஃப்டின் புதிய சான்றிதழ்களைச் சேர்க்கலாம், டிபிஎக்ஸையும் ஏற்றலாம். வார்ப்பிலிருந்து புதிதாகத் தொடங்குவது போதுமென்றால் லிப்வர்ட்டின் விர்ஷ் ஸ்டார்ட் கட்டளையோடு ரீசெட்-என்விராம் தெரிவைக் கொடுத்தால் ஆயிற்று.

கையொப்பம் எதுவும் கேட்காமல் எப்படி முடிகிறது? கையொப்பத்தைக் கேட்பது ஃபர்ம்வேர் நிரல். கோப்பை நேரடியாக எழுதுபவருக்கு அந்த நிரல் குறுக்கே வருவதே இல்லை. ஆக, மெய்நிகர் கணினியின் உண்மையான உரிமையாளர் பிகேயின் அந்தரங்கப் பாதியை வைத்திருப்பவர் அல்ல, அந்த 528 கேபி கோப்பில் எழுத அனுமதி உள்ளவர்தான். பிகே சான்றிதழை வன்பொருள் பெட்டகத்தில் பூட்டி வைத்துவிட்டு, என்விராம் அடைவைக் காப்புப்பிரதிக் கணக்குகள் எல்லாவற்றுக்கும் திறந்து வைத்திருந்தால் பெட்டகத்தால் ஒரு பயனும் இல்லை. சாவி மேலாண்மைக்கு எழுதும் விதிமுறைகளில் அந்த அடைவின் அனுமதிகள்தான் முதல் வரியாக இருக்க வேண்டும் என்பேன்.

இதே கோப்பை உள்ளிருந்து காப்பது வேறு கதை. விருந்தினர் இயங்குதளத்தில், அதாவது மெய்நிகர் கணினிக்குள் ஓடும் இயங்குதளத்தில், ரூட் என்ற முழு அதிகாரம் பெற்றவன் ஃபிளாஷ் நினைவகத்தில் நேரடியாக எழுத முடிந்தால் டிபியில் தன் சான்றிதழைச் சொருகிவிடுவான். அதைத் தடுக்கவே எக்ஸ்86இல் ஃபர்ம்வேரை எஸ்எம்எம் (இயங்குதளத்துக்கு எட்டாத செயலி நிலை) கட்டாயம் என்று கட்டி, கியூ35 வகைக் கணினியில், எஸ்எம்எம் நிலையிலிருந்து மட்டுமே ஃபிளாஷில் எழுதலாம் என்று, மெய்நிகர் வன்பொருளைத் தரும் கியூஇஎம்யூவில் அமைத்து ஓட்ட வேண்டியிருக்கிறது. எஸ்எம்எம் கட்டாயமோ அந்த கியூஇஎம்யூ அமைப்போ விட்டுப்போனாலும் திரையில் 'செக்யூர் பூட் இயக்கத்தில்' என்றே காட்டும், காவல் மட்டும் இருக்காது.

சோதனைச் சாவிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டெபியனின் ஓவிஎம்எஃப் தொகுப்பில் 'ஸ்நேக்ஆயில்' என்று பெயரிட்ட வார்ப்பு ஒன்று உண்டு. அதன் அந்தரங்கச் சாவி தொகுப்போடே வருகிறது, கடவுச்சொல்லும் எல்லாருக்கும் தெரிந்ததே. சோதனைக்கு அருமையான ஏற்பாடு, பெயரிலேயே எச்சரிக்கையும் இருக்கிறது. ஆனால் பெயரில் எச்சரித்தால் போதாது என்பதை 2024 ஜூலையில் பைனார்லி நிறுவனம் வெளிக்கொணர்ந்த பிகேஃபெயில் காட்டிவிட்டது. 'டு நாட் டிரஸ்ட்', நம்பாதீர் என்று சான்றிதழின் பெயரிலேயே எழுதியிருந்த, ஃபர்ம்வேர் தயாரிக்கும் ஏஎம்ஐ நிறுவனத்தின் சோதனைப் பிகே, 200க்கும் மேற்பட்ட கணினி மாதிரிகளில் அப்படியே சந்தைக்குப் போயிருந்தது. அதன் அந்தரங்கப் பாதி ஏற்கெனவே பொதுவெளியில் கசிந்திருந்தது. பிகேயின் பெயரை ஒருவரும் படித்துப் பார்க்கவில்லை. நம் மெய்நிகர் கணினிகளில் பிகேயின் பெயர் என்ன என்று நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்?

வட்டு ஒரு வழி, சாவி ஒரு வழி

மாற்றம் முடிந்த பிறகு வரும் சிக்கல் ஒன்று மீதமிருக்கிறது. விண்டோஸ் பணி கடைசிப் படியை முடித்ததும் வட்டின் யுஇஎஃப்ஐ பகுதியில் உள்ள பூட் மேனேஜர் 2023 சான்றிதழால் கையொப்பமிட்டதாகிவிடும். அதை ஏற்கும் டிபி என்விராமில் இருக்கிறது. வட்டும் என்விராமும் இனி ஜோடி. ஆனால் நம் பழக்கங்கள் பல வட்டை மட்டுமே கணினியாக நினைக்கின்றன. வட்டை மட்டும் காப்பெடுத்து வைத்திருப்போம். பேரிடர் நாளில் இன்னொரு தளத்தில், பழைய ஹோஸ்டில், புதிய மெய்நிகர் கணினி ஒன்றை உருவாக்கி அந்த வட்டை மாட்டுவோம். அந்த ஹோஸ்டின் வார்ப்பில் 2011 சான்றிதழ்கள் மட்டும் இருந்தால் 2023 பிப்ரவரியில் பார்த்த அதே மறுப்பு வந்து நிற்கும். ஓவிஎம்எஃபில் என்றால் 'ஆக்சஸ் டினைட்' என்று ஒற்றை வரி. நேரெதிராகவும் நடக்கலாம்: பழைய 2011 சான்றிதழையே டிபிஎக்ஸில் தடுத்துவிட்ட கணினிக்கு மாற்றத்துக்கு முந்தைய வட்டுப் படத்தையோ பழைய நிறுவல் ஐஎஸ்ஓவையோ கொண்டுவந்தால் அதுவும் எழாது.

இதைச் சோதிக்கப் பேரிடர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மாற்றம் முடிந்த கணினி ஒன்றின் காப்புப்பிரதியை எடுத்து, மீட்புத் தளத்தின் ஹோஸ்டில், வலைத்தொடர்பைத் துண்டித்து, என்விராம் கோப்போடு ஒருமுறையும் அது இல்லாமல் ஒருமுறையும் எழுப்பிப் பாருங்கள். இரண்டாம் முறை எழவில்லை என்றால் அந்த ஹோஸ்டின் வார்ப்பைத்தான் முதலில் மாற்ற வேண்டும். எழுந்துவிட்டால் அவசரப்பட்டு மகிழாமல் செக்யூர் பூட் உண்மையில் இயக்கத்தில் இருக்கிறதா என்று உள்ளே போய்ப் பாருங்கள். அவசரத்தில் அணைத்துவிட்டு, மீண்டும் இயக்க மறந்த கணினிகள் 2023 பிப்ரவரியிலிருந்தே அங்கங்கே ஓடிக்கொண்டிருக்கலாம்.